சொகுசுக் கப்பலுக்கு அரை மூட்டை அரிசி

கப்பல் கம்பெனிக்காரர்கள் அச்சடித்திருந்த அந்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை ஈப்போவிலேயே அதிகம் தடவிப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன். விமானம் வந்ததும் கடையைச் சாத்திக்கொண்டு போன பழைய கம்பெனி அது. இப்போது சொகுசுப் பயணக் கம்பெனியாக மறுபிறவி எடுத்து வந்திருந்தது. “அந்தக் காலத்து ராஜபோகம், மறுபடியும் அலைகளின்மேல்” என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி நீச்சல்குளத்தின் ஓரம் சாய்ந்துகொண்டு, குட்டிக் காகிதக் குடை செருகிய கண்ணாடிக் குவளையைப் பிடித்திருந்தாள். அந்தக் குடை எனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளைக்கு எந்த நேரத்தில் என்ன ஆசை வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

நான் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன். சுவரில் இருக்கும் ஒரு சதுர ஓட்டை வழியாகத்தான் உலகத்தைப் பார்த்திருக்கிறேன். கப்பல் என்றால் என் கணக்கில் கதாநாயகன் வெள்ளை சூட்டுப் போட்டுக்கொண்டு படியிறங்கி வருகிற இடம். ஆகவே நானும் ஒரு வெள்ளை சூட்டு தைத்துக்கொண்டேன். போட்டுப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி ஊழியர் வழி தவறி வந்தது போல இருந்தது.

என் மனைவி சரோஜாவுக்குப் பாசார் பக்கம் அப்பக் கடை. பதினெட்டு வருஷமாக விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுகிறாள். கல்யாணத்துக்கு மறுநாளே என் சொந்தக்காரக் கூட்டத்துக்கு ஆக்கிப்போட்டவள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் அவளுக்கு. அப்படிப்பட்டவள் கப்பலுக்கு வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“ஏறுறதுலேருந்து இறங்குற வரைக்கும் நான் கரண்டியத் தொடமாட்டேன். யாருக்கும் சோறு போடமாட்டேன். ‘சரோஜா, உப்பு எங்கே’ன்னு யாரும் என்னைக் கேக்கக்கூடாது. முனீஸ்வரன் மேல சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். குளமும் குடையும் இருக்கிற கப்பலில் கரண்டிக்கு என்ன வேலை?

கூடவே வந்தார் மச்சான். சரோஜாவின் அண்ணன், பெயர் வீராசாமி. பாகான் டத்தோ பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஈப்போவில் ஒரு பேங்கு வாசலில் ஜாகா, அதாவது காவல் வேலை. தங்கச்சி கடல் ஏறும்போது கூட ஓர் ஆம்பிள வேண்டும் என்றார்.

“அப்ப நான் யாரு மச்சான்?”

“அதுக்குத்தான் மாப்ளே சொல்றேன்.”

மச்சானுக்குக் ‘கப்பல் வீராசாமி’ என்ற பட்டம் உண்டு. வாலிப வயதில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு முறை கப்பலில் போய் வந்தவர். மேல்தட்டுக்காரர்களுக்கு அறை, தோட்டத்து ஜனங்களுக்குத் திறந்த தளம் என்றிருந்த காலம். அந்த ஒரே பயணத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக ஊருக்கே கப்பல் பாடம் நடத்தி வந்தார். புறப்படும் காலையில் அவர் கொண்டுவந்து இறக்கிய சாமான்களைப் பார்த்தேன். கயிற்றால் கட்டிய தகரப் பெட்டி, சுருட்டிய பாய்கள் ஒரு கட்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, பெரிய அலுமினியப் பானை, வாளி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கருவாடு, அப்புறம் அரை மூட்டை அரிசி.

சரோஜா அரிசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சும்மா, அவசரத்துக்கு லா,” என்றார் மச்சான்.

“யாரோட அவசரத்துக்கு?” என்று கேட்டுவிட்டு அவள் டாக்சியில் ஏறி உட்கார்ந்தாள்.

தைப்பிங்கில் மழை. அந்த ஊரில் மழை பெய்வது செய்தியில்லை. அந்த மழையில் எங்கள் டாக்சியின் பின்சக்கரம் காற்றுப் போனதுதான் செய்தி. மாற்றுச் சக்கரம் சாமான்களுக்கு அடியில் இருந்தது. அரிசி மூட்டை நனையக்கூடாது என்று மச்சான் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொள்ள, நான் வெள்ளை சூட்டோடு சக்கரத்தை உருட்டினேன். சீன டிரைவர் பாசார் மலாயில் என்னிடம் கேட்டார்: “எந்தத் தீவில் குடியேறப் போகிறீர்கள்?”

“சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம்,” என்றேன்.

அவர் மூட்டையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், சேறு அப்பிய என் சூட்டைப் பார்த்தார். “தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்களே,” என்றார். அங்கே இருப்பது பெரிய மனநல மருத்துவமனை. சரோஜா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

புதுப் பாலத்தின் வழியே பினாங்கு சேர்ந்து துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் வெள்ளை வெளேர் என்று, அன்றைக்குத்தான் பல் துலக்கியது போல நின்றது. ஏறும் இடத்தில் கையுறை போட்ட பெண்கள் பூமாலையோடு வரிசையாக நின்றார்கள். பாதுகாப்பு ஆள் மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்ததும் பிடுங்கி வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும், விட்டுவிட்டார்.

நான் மாலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் பக்கவாட்டில் ஏதோ பாய்ந்தது. பார்த்தால் மச்சான். பாய்க் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாலைப் பெண்களுக்கு நடுவே புகுந்து படியேறி ஓடுகிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீச்சல்குளத்தின் பக்கத்தில் இரண்டு பாய் விரித்து, ஒரு மூலையில் வாளி, ஒரு மூலையில் செருப்பு, நடுவில் தானுமாக உட்கார்ந்திருந்தார்.

“சரசு! ஓடியா, ஓடியா! காத்து வர்ற எடம்! கொஞ்சம் விட்டா அந்த வெள்ளைக்காரன் புடிச்சிருப்பான்!”

அந்த வெள்ளைக்காரன் ஒரு வயதான ஆங்கிலேயர். மனைவியோடு வந்திருந்தார். கலைநிகழ்ச்சி என்று நினைத்து இருவரும் படம் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை உடுப்பு அதிகாரி குனிந்து, “ஐயா, உங்களுக்குக் குளிர்சாதன அறை இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

“ரூமுல எவன் படுப்பான்?” என்றார் மச்சான். “எஞ்சின் நின்னா வெந்து போயிருவோம்னு சொல்லு.”

எஞ்சின் நிற்காது என்று அதிகாரி புன்னகை செய்தார். புகைபோக்கிக்குப் பக்கத்துச் சுவரில் மச்சான் ஒன்றைக் காட்டினார். புதுப் பெயிண்டுக்கு அடியில், புடைத்த எழுத்தில், நல்ல தமிழில் ‘இங்கே துப்பாதீர்’ என்று தெரிந்தது. “இது ஐரோப்பாக் கப்பலா? நம்ம கப்பல் மாப்ளே! பவுடர் அடிச்சு வந்திருக்கு!” என்றார். அதிகாரியின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

அன்று சாயந்திரச் சாப்பாட்டு மேசையில் எங்களோடு அந்த ஆங்கிலேயத் தம்பதியும், பினாங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் காதர் பாயும் உட்கார்ந்தார்கள். இந்தக் கப்பலிடம் யார் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ஆங்கிலேயர், நாலு மணிக்கு வெள்ளிக் கெண்டியில் தேநீர் வரவேண்டும், தன் அப்பா காலத்தில் அப்படித்தான் வந்தது என்றார். அவர் மனைவி, கணவர் அப்பாவைப் பற்றிப் பேசாத ஒரு நாள் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு ஒண்ணுதாங்க,” என்றார் காதர் பாய். “‘பாய், ரெண்டு ரொட்டி’ன்னு யாரும் கூப்பிடக்கூடாது. முப்பது வருஷமா என் பேரு அதுதான்.”

“எனக்குக் கரண்டி தொடக்கூடாது பாய்,” என்றாள் சரோஜா.

“அப்படிச் சொல்லு தங்கச்சி!” பாய் மேசையைத் தட்டினார். அந்த நிமிஷமே அவர்கள் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

நான் குடையைச் சொல்ல வெட்கப்பட்டு, “நல்ல சேவை,” என்றேன். உண்மையில் ஏறியவுடனேயே மதுக்கூடத்தில் விசாரித்திருந்தேன். குடைகள் இன்னும் வந்து சேரவில்லை, புக்கெட்டில் ஏற்றுவார்கள் என்றார் அந்த ஆள்.

சாப்பாடு வந்தது. பனிக்கட்டியில் செதுக்கிய அன்னம் ஒன்று நடுவே நின்று எங்களை முறைத்தது. மீனின்மேல் வெள்ளையாக எதையோ ஊற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருந்தது, சுவையும் அதேதான். இரண்டாவது வாயிலேயே என் நாக்கு ரசம் கேட்டு அழுதது. சரோஜாவோ ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

“நல்லா இருக்கா?” என்று கேட்டேன்.

“தெரியல. நான் ஆக்கல, அது போதும்.”

மறுநாள் காலையில் சங்கு ஊதியது. ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும் என்று பழக்குகிற ஒத்திகை. எல்லாரும் மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது என்று முழித்தபோது, மச்சான் மட்டும் தளத்தில் விறைப்பாக முதல் ஆளாக நின்றார்.

“பெரட்டுக்குக் கூப்பிடுறாங்க, சீக்கிரம் வா மாப்ளே! லேட்டா போனா அரைநாள் சம்பளம் போயிரும்!”

தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கு எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அதிகாரி அறை எண்ணைக் கூப்பிட்டதும் மச்சான், “ஆஜர்!” என்று போட்ட சத்தத்தில் ஆங்கிலேயரும் அடுத்து “ஆஜர்!” என்றார். அதுதான் இந்தக் கப்பலின் வழக்கம் என்று நினைத்துவிட்டார் பாவம். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள்.

புக்கெட்டில் இறங்கினோம். நான் பிறந்து வளர்ந்து முதல் தடவையாக வெளிநாட்டு மண்ணை மிதிக்கிறேன். ஒரு குட்டி லாரியில் பலகை போட்டு எங்களை ஏற்றிக்கொண்டு, ‘இயற்கைக் காட்சி’ காட்டுவதாக டிரைவர் கிளம்பினார். முதல் காட்சி ரப்பர்க் காடு. இரண்டாவது காட்சி, ஈயம் தோண்டி எடுத்த பிறகு தண்ணீர் நிரம்பிய குட்டை. எங்கள் ஈப்போ இருக்கிற கிந்தாப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் கல்லை எறிந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் விழும். கடல் தாண்டி வந்து எங்கள் வீட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டுக் கைதட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன். மச்சான் மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தைத் தடவினார். “பட்டையக் கொன்னுட்டான். எந்தப் படுபாவி வெட்டினான்?” என்று அதட்டினார். டிரைவர் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியாமலே.

சந்தையில் ஒரு நூடுல்ஸ் கடைக்காரி போட்ட மிளகாயில் என் கண்ணும் மூக்கும் ஒழுகின. ஆனந்தக் கண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரோஜா சின்ன வெங்காயக் குவியலைப் பார்த்ததும் நின்றாள். கை தானாகப் போய் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தது. சட்டென்று நெருப்பைத் தொட்டதுபோல் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். அதோடு அவளை யாரும் அப்பக் கடைக்காரி என்று சொல்ல முடியாது. நானே ஒருமுறை கடந்து போய்விட்டேன்.

திரும்பும் வழியில், மூன்றாம் நாள் விடிந்தபோது கப்பலில் சத்தமே இல்லை. படம் ஓட்டுகிறவனுக்கு மிஷின் நின்றால் தூக்கத்திலேயே தெரிந்துவிடும். விளக்கு இல்லை. குளிர்ந்த காற்று இல்லை. எஞ்சின் இல்லை. பெயிண்டு மட்டும் புதிது, உள்ளே எல்லாம் பழசு என்று மச்சான் சொன்னது சரியாகிவிட்டது. சரிசெய்துகொண்டிருக்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்று அதிகாரி அறை அறையாக வந்து சொன்னார். அவர் முகத்தில்தான் கவலை இருந்தது.

அறைகள் இட்லிப் பானை ஆகிவிட்டன. ஜனங்கள் ஒவ்வொருவராகத் தளத்துக்கு ஏறி வந்தார்கள். அங்கே காற்று வருகிற இடத்தில், பாய்மேல், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கப்பல் வீராசாமி.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

தகரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மிச்சப் பாய்களை எடுத்து, கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பதுபோல் மரியாதையாக விநியோகம் செய்தார். ஆங்கிலேயர் சம்மணம் போட முயன்று, பாதியில் மாட்டிக்கொண்டு, அப்படியே இருந்தார். ராஜபோகக் கப்பல் நண்பகலுக்குள் நாகப்பட்டினம் கப்பலாகிவிட்டது.

பசிதான் பொல்லாதது. சமையலறை முழுக்க மின்சார அடுப்பு. காலையில் ரொட்டியும் டின் மீனும் தீர்ந்தன. சமையல்காரர்கள் எல்லாம் தரையில் இருக்கும் ஹோட்டல்களிலிருந்து புதிதாக எடுக்கப்பட்டவர்கள். எஞ்சின் நின்ற கப்பல் தொட்டில் மாதிரி ஆடியதில், அத்தனை பேரும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். தளத்தின் ஓரத்தில் குச்சியில் குத்திய சாத்தே இறைச்சி சுடுவதற்கென்று ஒரு கரியடுப்பும் கரி மூட்டையும் இருந்தன. சுடுவதற்கு ஆள் இல்லை.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கிட்ட அரை மூட்டை அரிசி இருக்கு,” என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். பெரிய மனுஷன் மாதிரி இருக்கட்டும் என்றுதான்.

அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “யார் சமைப்பார்கள்?”

ஒரு சீனத்தம்மா, ஈப்போக்காரர், சரோஜாவைக் கை காட்டினார். “அதோ, பாசாரில் அப்பம் சுடுகிற பெண். எனக்குத் தெரியும், நல்ல கைப்பக்குவம்,” என்று கான்டனீஸில் சொல்லி, அதை யாரோ மலாயில் சொல்லி, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்ல, அலை அலையாக எல்லாத் தலைகளும் திரும்பின. கறுப்புக் கண்ணாடி என்ன, முக்காடே போட்டிருந்தாலும் தப்பித்திருக்க மாட்டாள்.

சரோஜா சாய்வு நாற்காலியில் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அங்கே ஒரு குழந்தை பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவள் கால் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் செருப்பைத் தேடியது. பதினெட்டு வருஷமாக அந்தக் கால் அப்படித்தான், பசி என்று கேட்டால் எழுந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. ‘சரி, எனக்கு விதிச்சது இவ்வளவுதான்’ என்று இருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்குப் பழக்கம், இது தாங்கவில்லை.

“நான் ஆக்குறேன்,” என்றேன்.

“நீயா?” என்றார் மச்சான்.

“நீங்களும்தான். சட்டையக் கழட்டுங்க.”

“மாப்ளே, எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது லா!”

“எனக்கும்தான். வாங்க.”

சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைத் தேடிய காலை மெல்ல மேலே எடுத்து வைத்துக்கொண்டாள்.

கரி மூட்டுவதற்குள் நான் வெள்ளை சூட்டின் மிச்ச வெள்ளையையும் இழந்தேன். பானையில் தண்ணீர் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று எனக்கும் மச்சானுக்கும் ஒரு சண்டை. பக்கத்து நாற்காலியிலிருந்து காதர் பாய் நெளிந்தார்.

“தங்கச்சி, உன் வூட்டுக்காரரு அரிசியக் களையாமப் போடுறாரு.”

“பாக்காதீங்க பாய். நாம லீவுல இருக்கோம்.”

“பருப்புல மூடிய போட்டு மூடுறாரு தங்கச்சி, பொங்கிரும்.”

“பாய், நாற்காலியத் திருப்புங்க.”

இரண்டு பேரும் நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பருப்பு பொங்கியது. கரி சீறியது. சரோஜாவின் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்ததை நான் பார்த்தேன். திரும்பவில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. மச்சானின் சாமான்களில் கருவாடு இருந்தது, புளி இருந்தது, வாளிகூட இருந்தது. உப்பு இல்லை. மச்சான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார்.

“சரசு, உப்பு எங்...”

பாய்ந்து போய் அவர் வாயைக் கையால் பொத்தினேன். முனீஸ்வரன் மேல் செய்த சத்தியம். கையில் கரி, அவர் முகத்தில் மீசைக்கு மேல் இன்னொரு மீசை விழுந்தது. பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடி, மேசை மேசையாக இருந்த குட்டி உப்புச் சீசாக்களைக் கூடையில் அள்ளி வந்தோம். கடல் காற்றில் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலேயர், அவர் மனைவி, சீனத்தம்மா, அதிகாரி என்று ஆளுக்கு ஒன்றாகக் கையில் எடுத்துப் பானைக்கு மேல் ஆட்டினோம். ஊமைப் பஜனை மாதிரி இருந்தது.

சோறு இறங்கியது. அடியில் தீய்ந்து, நடுவில் குழைந்து, மேலே நறுக்கென்று, ஒரே பானையில் மூன்று வகை. தட்டுகளோடு வரிசை வளைந்து நின்றது. குழந்தைக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். அடுத்த தட்டில் சோறு வைத்து, பருப்பு ஊற்றி, இரண்டு துண்டு கருவாடும் வைத்தேன். மதுக்கூடத்து ஆள் அந்த நேரம் பார்த்து என் கையில் ஒன்றைத் திணித்தார். புக்கெட்டில் ஏற்றிய குடை. சிவப்பு. அதைச் சோற்றுக் குவியலின் உச்சியில் செருகினேன். வரிசையைத் தாண்டிக் கொண்டுபோய் சரோஜாவிடம் நீட்டினேன்.

“மத்தவங்க சாப்பிடட்டும். நான் அப்புறம்...”

“நீதான் மொதல்ல.”

குடையைப் பார்த்தாள். எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டாள். ஒரு வாய் எடுத்தாள். தளமே அவள் வாயைப் பார்த்தது. காதர் பாய் ஒரு நீதிபதியைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“சோறு கொழைஞ்சிருக்கு,” என்றாள். “பருப்பு வேகல. கருவாடு கருகிப்போச்சு.”

“உப்பு?” என்று கேட்டேன்.

“இருக்கு.”

அப்புறம் எல்லாருக்கும் நானும் மச்சானும் பரிமாறினோம். வெந்ததும் வேகாததுமாக ஜனங்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். பானை காலியாகும் நேரத்தில் கீழே எங்கோ ஒரு இருமல் கேட்டது. கப்பல் நடுங்கியது. விளக்குகள் எரிந்தன. ஆரவாரம் போட்டுக்கொண்டு எல்லாரும் குளிர்ந்த அறைகளுக்கு ஓடினார்கள். ஆங்கிலேயர்கூட ஒருவழியாகக் காலைப் பிரித்துக்கொண்டு ஓடினார். மச்சான் ஒவ்வொரு பாயாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

சரோஜா எழுந்திருக்கவில்லை.

“ரூமுக்குப் போலாமா? ஏர்கான் வந்திருச்சு,” என்றேன்.

அவள் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, காலித் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னொரு கரண்டி போடுங்க.”